ஒன்பதாவது வரி

இரண்டாம் பக்கத்தில், மேலேயிருந்து எண்ணினால் ஒன்பதாவது வரி. கீழேயிருந்து எண்ணினால் நான்காவது. எண்ணிக்கொண்டே இருந்தால் அது வேறு வரியாக மாறிவிடும் என்பதைப் போல எண்ணிக்கொண்டே இருக்கிறேன். "மேற்படி என் கணவர் மூலம் எனக்குக் குழந்தைகள் ஏதும் பிறக்கவில்லை என்றும், நான் தற்போது கர்ப்பமாக இல்லை என்றும், மேற்கண்ட இருவரைத் தவிர வேறு வாரிசுகள் எவரும் இல்லை என்றும் உறுதியாகக் கூறுகிறேன்." உறுதியாக. நான் எதையும் உறுதியாகக் கூறியதில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட தலையைத்தான் அசைத்தேன், அந்த அசைவை அம்மா பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னாள். இது தாலுகா ஆபீஸ் தாழ்வாரம், இரும்பு பெஞ்சு, எனக்கு இடது பக்கம் அத்தை, வலது பக்கம் சுவர். அத்தை என் கணவருடைய அம்மா. காகிதத்தில் அவர்கள் பெயர்தான் முதலில், சண்முகத்தாய், தாய். அதற்குக் கீழே நான், சிந்துஜா, மனைவி. இறந்துபோன முத்துக்கண்ணனுக்கு இந்த இரண்டு பேர்தான் வாரிசு என்று அரசாங்கம் எழுதித் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் காற்றாலைக் கம்பெனி அவருடைய கோப்பை மூடும், பாதியில் நிற்கிற வீட்டைப் பற்றி பாங்க் பேசும், நான் மதுரைக்கு, அம்மா வீட்டுக்குப் போகலாம். வாசலில் வாதுமை மரத்தடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மனு எழுதுகிறவர் இந்த வாக்குமூலத்தை ஐந்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார். "பிள்ள உண்டா?" என்று கேட்டார். "இல்ல" என்று என் கொழுந்தன் அய்யப்பராஜ் சொன்னான். அவர் திரையில் ஏற்கெனவே இருந்த ஒரு காகிதத்தைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றினார். ஓரிடத்தில் மாற்ற மறந்துவிட்டார், அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தார், "மேற்படி ராமலட்சுமி ஆகிய நான்" என்று இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவால் ராமலட்சுமியை அடித்து மேலே சிந்துஜா என்று எழுதினார். யார் அந்த ராமலட்சுமி? போன வாரமா, போன மாதமா, இதே மரத்தடியில் நின்று இல்லை என்று சொல்லியிருப்பாள். அவளைக் கேட்டிருப்பார்கள். அவள் யோசித்துப் பார்த்துச் சொல்லியிருப்பாள். அவளுடைய இல்லைதான் இப்போது என் மடியில் இருக்கிறது.

என்னை யாரும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு நாளாக எல்லோரும் என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி, நீங்க அவருக்கு என்ன வேணும் என்பதுதான். முதலில் கேட்டது யாரென்றே தெரியாத ஒரு ஆள். அன்றைக்குத் திங்கட்கிழமை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது மோட்டாரைப் போட்டுவிட்டு, "சிந்து, பத்து நிமிஷத்துல நிப்பாட்டிரு, மறந்துறாத" என்றார். மறந்துவிட்டேன். மொட்டைமாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் ஓட்டுச்சரிவில் விழுகிற சத்தம் கேட்டு ஓடும்போதுதான் போன் அடித்தது. அவர் பெயர்தான் திரையில் வந்தது, அதனால் மோட்டாரை நிறுத்தினாயா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இந்தா நிப்பாட்டப் போறேன்" என்றேன். அந்தப் பக்கம் லாரி ஹாரன். ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு, "யம்மா, இந்தப் போனு வச்சிருக்கவருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். எனக்கு மனைவி என்ற சொல் வரவில்லை. வீட்டுக்காரர் என்றேன். "வீட்டுக்காரருன்னா நீங்க சம்சாரமா? பக்கத்துல ஆம்பளைங்க யாரும் இருந்தா குடுங்க." ஆம்பளை யாரும் இல்லை, தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, சாயங்காலம் வரைக்கும் யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை, உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எங்கள் வாசல் முழுக்கச் சேறு. வந்தவர்கள் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில், கம்பெனியில், பாங்கில், எல்லா மேஜையிலும் அதே கேள்வி. இப்போது மனைவி என்று சட்டென்று சொல்கிறேன். சொல்லப் பழகிய நேரத்தில் காகிதத்தில் வேறு சொல் வந்துவிட்டது. திருமண நிலை என்ற கட்டத்தில் விதவை என்று அடித்திருக்கிறார் மரத்தடிக்காரர். அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சொல்லைத் தாண்டி, பக்கத்தைத் திருப்பி, ஒன்பதாவது வரிக்கு வந்தபோதுதான் காதில் விர்ரென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை.

ஐம்பத்து நான்கு. எப்படி எண்ணினாலும் ஐம்பத்து நான்கு. ஆடிப் பதினெட்டு எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள், நான் போகக்கூடாத நாள், அவர் மட்டும் சீக்கிரம் திரும்பிவந்து சக்கரைப் பொங்கலை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். ஆகஸ்ட் மூன்று. பத்தொன்பதாம் தேதி அவர் போனார். இன்றைக்கு செப்டம்பர் இருபத்தாறு. நடுவில் மாதம் முடிந்ததை நான் கவனிக்கவில்லை. அது வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. வீட்டில் இருபது பேர் இருந்தார்கள், பகலும் இரவும் பாய் விரித்தபடியே கிடந்தது, யாரோ ஒருத்தி வந்து கட்டிப்பிடித்து அழுதுகொண்டே இருந்தாள், எனக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட இல்லை. மரத்தடியில்தான் முதன்முதலாக எண்ணினேன், இந்த வரியைப் படித்துவிட்டு. ஆனால் எண்ணிக்கையால் மட்டும் என்ன தெரியும். முதுகலை கடைசி வருடத்தில் எனக்கு நாற்பத்தாறு நாள் தள்ளிப்போனது. பரீட்சை பயம் என்றார் ஹாஸ்டல் டாக்டர். பரீட்சைக்கே நாற்பத்தாறு என்றால் இதற்கு ஐம்பத்து நான்கு ஆகாதா? வாந்தி வருகிறது, உண்மைதான், ஆனால் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தால் யாருக்கும் வரும். சாப்பாடு இறங்கவில்லை, யாருக்கு இறங்கும். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறேன், முப்பத்தெட்டு ராத்திரி தூங்காதவள் வேறென்ன செய்வாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டும் சமமாகப் பொருந்துகிறது. கல்லூரிச் சோதனைச் சாலையில் எங்கள் பேராசிரியை ஒரு பெண்ணின் ரெக்கார்டு நோட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள், வீழ்படிவு வருவதற்கு முன்னாலேயே வெள்ளை நிற வீழ்படிவு என்று எழுதி வைத்துவிட்டாள் என்பதற்காக. பார்த்தாயா? பார்க்கவில்லை. பிறகு எப்படி எழுதினாய்? எல்லாரும் அதுதான் எழுதினாங்க மேடம். நான் அவளுக்கு அடுத்த மேஜையில் நின்றேன். என் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது, மூடிவைத்துக்கொண்டேன்.

அம்மா கேட்டாள். யாருமே கேட்கவில்லை என்று சொல்வது பொய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மதுரைக்குத் திரும்பியவள், நாலைந்து நாள் கழித்துப் போனில், "தூரம் ஆனியா?" என்று கேட்டாள். அத்தை எனக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். போனில் அம்மாவின் குரல் எப்போதும் வெளியே கேட்கும். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான், ஒரு ம். இல்லை என்று சொன்னால் அடுத்து பத்து கேள்வி வரும், அத்தை கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள், இரண்டு நாளில் வந்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த ம்மை வைத்து அம்மா பெரியப்பாவிடம் பேசினாள், பெரியப்பா இங்கே வந்து பேசினார், "சின்னப் பிள்ள, இருவத்தஞ்சு வயசு, கையில ஒண்ணும் இல்ல, பேப்பரெல்லாம் முடிஞ்சதும் நாங்க கூட்டிட்டுப் போயிக்கிடுதோம்" என்றார். கையில ஒண்ணும் இல்ல என்பது பிள்ளையைச் சொன்னது. அத்தை தூணைப் பார்த்தபடி, "அவளும் எங்களோட கெடந்து என்ன செய்யப் போறா, போகட்டும்" என்றார்கள். என் ஒரு ம் எங்கேயெல்லாம் போய்விட்டது. மற்ற நாட்களாக இருந்தால் அத்தைக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் நான் பூஜை அலமாரிப் பக்கம் போகமாட்டேன், விளக்கேற்றமாட்டேன், யாரும் நாட்குறிப்பு எழுத வேண்டாம், விளக்கை யார் ஏற்றினார்கள் என்று பார்த்தாலே போதும். சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் அந்த அலமாரியையே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தைதான் ஏற்றுகிறார்கள். என்னை ஏற்றச் சொல்வதில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தீப்பெட்டி இருந்த இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அதனால் நான் விலகியிருந்தேனா இல்லையா என்பது இந்த மாதம் யாருக்கும் தெரிய வழியில்லை.

தாழ்வாரத்தில் எதிர் பெஞ்சில் மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று பேருக்கும் ஒரே மூக்கு. அவர்களுக்கு ஒரு அக்கா இருக்கிறாள் போல, காகிதத்தில் அவள் பெயர் இல்லை. "அவ ஓடிப்போனவல்லா, அவளுக்கு என்னத்துக்குலே பேரு?" என்கிறான் மூத்தவன். "ஓடிப்போனாலும் அப்பனுக்குப் பொறந்தவதானேண்ணே, ஓடுனா மாறிருமா?" என்கிறான் கடைசிக்காரன். "ஒனக்கு ரொம்பத்தான் சட்டம் தெரியுது, நீயே போயி தாசில்தாரு சீட்டுல உக்காரு." நடுவில் இருக்கிறவன் இரண்டு பேருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தான். பின்னால் அந்த அக்கா வந்து கேட்டால் என்ன செய்வார்கள்? இந்தக் காகிதத்தை நீட்டுவார்களோ? பாரு, அரசாங்கமே எழுதிருக்கு, நீ இல்ல. அதை நினைத்தபோதுதான், அதுவரை எங்கோ இடித்துக்கொண்டிருந்தது நேராக வந்து என் முன்னால் நின்றது. நான் இதில் கையெழுத்துப் போடுகிறேன். கர்ப்பமாக இல்லை, செப்டம்பர் இருபத்தாறு, தாலுகா ஆபீஸ் முத்திரை. மதுரைக்குப் போகிறேன். பிறகு இருக்கிறது என்று தெரிகிறது. வயிறு தெரிகிறது. அப்போது யாராவது எண்ணுவார்கள். இந்தக் காகிதத்தை எடுப்பார்கள். எம்.எஸ்சி. படித்தவள், படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அன்றைக்கு இல்லை என்றால் இது யாருடையது? கேட்கிறவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. அத்தைகூடக் கேட்பார்கள். பிறக்கப்போகிறது ஒருநாள் இந்த ஆபீஸுக்கே வந்து, எங்கப்பா பேரு முத்துக்கண்ணன் என்று சொன்னால், இந்தப் பெஞ்சைத் தாண்டவிடாமல் ஒன்பதாவது வரியைக் காட்டுவார்கள். உங்கம்மாவே எழுதிக் குடுத்துருக்காங்களேப்பா. கால் விரல்கள் குளிர்ந்துபோயின, செருப்புக்குள் அவை இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தேன். "என்ன தாயி, தல சுத்துதா?" என்றார்கள் அத்தை. இல்லை என்று தலையசைத்தேன். பார், இல்லை என்று சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஆனால் அது மட்டும்தான் பயமா என்று கேட்டால், இல்லை, அதை யாரிடமும் சொல்ல முடியாது. இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் பயம். நான் மதுரைக்குப் போக வேண்டும். போக வேண்டும் என்று நினைப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, முப்பத்தெட்டு நாளில் ஒருத்திக்கு இப்படி ஒரு ஆசை வரலாமா என்று இருக்கிறது, ஆனால் வருகிறது. எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் வேலை காலியாக இருப்பதாக அம்மா சொன்னாள். அதைக் கேட்ட ராத்திரி நான் இரண்டு மணிநேரம் தூங்கினேன். இந்த வீட்டில் அவருடைய சட்டைகள் கொடியிலேயே தொங்குகின்றன, எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, காற்றடித்தால் கை அசைகிறது. இருந்துவிட்டால் நான் அந்தச் சட்டைகளோடு இங்கேயே இருப்பேன். இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் அவர் முழுக்கப் போய்விட்டார், அதுவும் முடியவில்லை. பதினான்கு மாதம். அதில் முதல் மூன்று மாதம் நான் அவரிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. நான் பேசுவதற்காக அவர் காத்திருப்பார், சாப்பிட்டு முடித்த கையை உலரவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். காற்றாலை மேலே ஏறி நின்றால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன், நானாகக் கேட்ட முதல் கேள்வி, ஒரு மணிநேரம் சொன்னார், மேலே போனால் சத்தம் கேட்காது, கீழேதான் சத்தம் என்றார். எண்பது மீட்டர் உயரத்தில் வேலை பார்த்தவர் சமதரையில் டிப்பர் லாரிக்கு முன்னால் விழுந்தார். எனக்கு என்ன வேண்டும்? இருக்கு என்பதா, இல்லை என்பதா? எனக்கு வேண்டியது ஒரு நாள். கதவு சாத்திய ஒரு அறை. யாரும் என் முகத்தைப் பார்க்காத ஒரு மணிநேரம், நான் முதலில் தெரிந்துகொள்வதற்கு. அது இந்தக் காகிதத்தில் எந்த வரியிலும் இல்லை.

அய்யப்பராஜ் ஓடிவந்தான், அவனுக்கு இருபத்திரண்டு வயது, அண்ணனுடைய கைக்கடிகாரத்தைக் கட்டியிருக்கிறான், அது அவனுக்குப் பெரிது. "மதினி, கூப்புடுதாக. கையெழுத்த அவுக முன்னாலதான் போடணுமாம். அம்மா கைநாட்டு மரத்தடியிலயே வச்சதுக்கு ஏசுனாக, பரவாயில்ல, விட்டுட்டாக." உள்ளே போனோம். ஆர்.ஐ., வருவாய் ஆய்வாளர், ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "முத்துக்கண்ணன் சம்சாரம் யாரு?" வகுப்பில் தூக்குவது போல அரைக் கை தூக்கினேன். "கல்யாணமாகி எத்தன வருஷம்?" "பதினாலு மாசம் மேடம்" என்றான் அய்யப்பராஜ். "நீ யாருப்பா? அந்தப் பிள்ள வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" "தம்பி மேடம்." "அம்மாவும் பொண்டாட்டியும் இருக்கும்போது தம்பி வாரிசு இல்ல. பின்னால போயி நில்லு." அவன் உண்மையிலேயே ஒரு அடி பின்னால் போனான். அந்த அம்மாள் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள், ராமலட்சுமியை அடித்த இடத்தில், "இந்த ஆளு எத்தன தடவ சொன்னாலும் திருந்த மாட்டான்" என்று முனகினார்கள், இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பினார்கள். "பிள்ளைங்க இல்ல. சரி. மாசமா இருக்கியா? இல்ல, அதான் எழுதிருக்கே." கேட்டதும் அவர்கள், சொன்னதும் அவர்கள். ஓரத்தில் ஒரு டிக் போட்டார்கள். பச்சை மை. "படிச்ச பிள்ளதானே, படிச்சுப் பாத்துட்டேல்ல? இங்க ஒண்ணு, கடைசியில ஒண்ணு." பேனா என் கைக்கு வந்தது. பக்கத்து மேஜையில் ஒருவர் டீ வந்துவிட்டதா என்று யாரையோ கேட்டார். நான் சி எழுதினேன். ந் எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. அது நகராததை நான்தான் முதலில் கவனித்தேன், என் கையைப் பற்றி எனக்கே செய்தி வந்தது போல. "தெரியாது" என்றேன். மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. "என்னம்மா?" "தெரியாது மேடம்." "எது தெரியாது? கையெழுத்துப் போடத் தெரியாதா?" யாரோ சிரித்தார்கள். நான் விரலை ஒன்பதாவது வரியில் வைத்தேன். அந்த அம்மாள் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, என் நகத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார்கள்.

"தெரியாதுன்னு எழுத எடம் கெடையாதும்மா. இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ணு." வழக்கமான குரலில்தான் ஆரம்பித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "எத்தன நாளாச்சு?" "அம்பத்தி நாலு." சொல்லிவிட்டேன். வெளியே வந்து விழுந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய எண் என்று தெரிந்தது. பின்னால் அத்தை, "என்ன? என்ன எழுதிருக்கு அதுல? எய்யா அய்யப்பா, என்ன எழுதிருக்கு?" என்றார்கள். "ஒண்ணுமில்லம்மா, சும்மா எல்லாத்துக்கும் போடுறது." "படிக்காமலா கைநாட்டு வாங்குனீங்க?" என்று ஆர்.ஐ. அம்மாள் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகவே படித்தார்கள், குழந்தைகள் ஏதும், தற்போது, கர்ப்பமாக. ஹாலில் எல்லா மேஜையிலும் பேனாக்கள் நின்றன. அத்தையின் கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை, அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். "இத நான் சொல்லலையே. ஏல, நீ சொன்னியா?" "அவரு பிள்ள உண்டான்னுதாம்மா கேட்டாரு, நான் இல்லைன்னேன்" என்றான் அவன், கடிகாரத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே. ஆர்.ஐ. அம்மாள் இரண்டு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்கள். "இப்படி வச்சுக்கிட்டு நான் இத மேல அனுப்ப முடியாது. வயித்துல இருக்கறதும் வாரிசுதான். பெரியாஸ்பத்திரியில காட்டி டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்ல. பெறவு புதுசா ஒரு வாக்குமூலம். மரத்தடிக்காரன நான் பாத்துக்கிடுதேன்." கோப்பை மூடினார்கள். நான் நன்றி என்று சொல்ல நினைத்தேன், எதற்கு என்று புரியாமல் சொல்லாமல் விட்டேன்.

தாழ்வாரத்துக்கு வருவதற்குள்ளேயே என் மணிக்கட்டு அத்தையின் கைக்குள் போய்விட்டது. எப்போது பிடித்தார்கள் என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தார்கள், ஆனால் இந்த முப்பத்தெட்டு நாள் அழுத அழுகை இல்லை, முகம் வேறாக இருந்தது, பத்து வயது குறைந்த ஒரு முகம், எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. "எங் கண்ணன் எங்கயும் போகல" என்றார்கள். "எங்கிட்ட சொல்லக் கூடாதா தாயி? நான் என்ன வேத்தாளா? படி, படி, பாத்து. ஏல, ஆட்டோ கூப்புடு, பைக்கு வேண்டாம். மதுரைக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிடுதேன், ஒருத்தரும் வர வேண்டாம், எம் புள்ளைய எவனும் எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது." மூன்று அண்ணன் தம்பிகளும் எங்களைப் பார்த்தார்கள். அய்யப்பராஜ் என் கண்ணைப் பார்க்காமல், "சரிம்மா, சரிம்மா" என்றபடி முன்னால் ஓடினான். மரத்தடியில் ஐந்து நிமிடம் ஆனது, இதற்கு அதுகூட ஆகவில்லை. எவளோ ஒருத்தியின் இல்லையை இப்போதுதான் பச்சை மையில் அடித்தார்கள், அந்த இடத்தில் இதோ என்னைக் கேட்காமலேயே ஒரு ஆமாம் எழுதப்படுகிறது, மருமகளுக்கு, மகனுக்கு, தெருவுக்கு, மதுரைக்கு. நான் சொன்ன சொல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கிறது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அது அன்புதான், எனக்குத் தெரியும், மகன் போன அன்று இரவு என்னைத் தன் மடியில் படுக்கவைத்தவர்கள் இவர்கள்தான். அதனால்தான் முப்பத்தெட்டு நாளாக எல்லாவற்றுக்கும் ம் சொன்னேன். கீழ்ப்படிக்கு இரண்டு படி இருக்கும்போது நான் நின்றுவிட்டேன். என் கையோடு அவர்களும் நின்றார்கள்.

"அத்தை, கைய விடுங்க."

"விழுந்துறக் கூடாதுல்ல தாயி."

"விழ மாட்டேன். இன்னும் எதுவும் தெரியல அத்தை. நான் உள்ள தெரியாதுன்னுதான் சொன்னேன்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு நான் தனியாப் போறேன். முதல்ல எனக்குத் தெரியணும். இருந்தா என்ன செய்யணும்னு அதுக்கப்புறம் நான் யோசிக்கணும். யோசிச்சிட்டு உங்ககிட்ட வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் போன் போடாதீங்க."

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. "தனியாவா?" என்றார்கள், "நீ என்ன யோசிக்கணும்? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்கள், கண்ணீர் நின்றுவிட்டது, அந்தப் புது முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது, அதை மூடுகிறது நான்தான் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பிடி தளரவில்லை. ஆட்டோ வந்து நின்றது. அய்யப்பராஜ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். நான் கையை இழுக்கவில்லை. "விடுங்க" என்று மறுபடியும் சொன்னேன், தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.